உலகம்மாள், தந்தை பெயர் சுடலைமுத்து

உலகம்மா அக்கா இறந்துபோன செய்தி, நான் இறந்துபோனதாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. காலையில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தேன். பீடிக்கடைக் கணக்கப்பிள்ளை என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, மனசத் தேத்திக்கிடுங்க. உலகம்மா தவறிட்டாவன்னு இப்பதான் கேள்விப்பட்டேன். நல்ல பொம்பள, வாய் மட்டும்தான் கொஞ்சம் கூடுதல்" என்றிருக்கிறார். இவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"நீ செத்ததுக்குத்தான் துட்டி கேக்காவ. நீயே பேசு."

நான் சும்மா இருப்பேனா? "செத்தவதான் பேசுதேன் அண்ணாச்சி. சாயங்காலம் பீடிக்கட்டு கொண்டுட்டு வருவேன். மாலை வாங்கிருந்தா வாடாம வச்சிருங்க" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கடையில் உலகம்மாள் என்றால் நான். ஆனால் ஊரில் நிஜமான உலகம்மாள் ஒருத்தி இருக்கிறாள். முந்தின நாள்தான் அவளுக்கு இளைப்பு கூடித் தென்காசி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கத்தரியைக் கீழே வைத்தேன். அது அவள் கொடுத்த கத்தரி.

பதினாறாம் நாளில் எல்லார் முன்னாலும் வாசித்து, தாளாக அடித்தும் கொடுக்கிறோம், அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடு சித்தி என்று அக்கா மகள் மாரி கேட்டாள். அவள் வீரகேரளம்புதூரில் வாழ்க்கைப்பட்டிருப்பவள், உங்களுக்கெல்லாம் தெரியும். நான் அஞ்சாப்போடு நின்றவள், நாலு வரி போதும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, நாலு வரியில் அடங்குகிற காரியமாக அது இல்லை. அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அவளுக்கும் நடுவே நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மேலகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்கு இருபது வயது. பீடி சுற்றத் தெரியும், பாஸ் புத்தகம் கிடையாது. கடையில் இலையும் புகையிலைத் தூளும் வாங்கவும், சுற்றிய பீடியைப் போடவும் அந்தப் புத்தகம் வேண்டும். அப்போது புதுப் புத்தகம் கொடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டு உலகம்மா அக்காவிடம் புத்தகம் இருந்தது, ஆனால் தூள் நெஞ்சில் ஏறி இளைப்பு வந்துவிட்டது. இனிமேல் பீடிப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டினவன் கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுப் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் பெயரை எந்தத் தாளிலும் சேர்க்கமாட்டேன் என்று அப்பா பெயரைத்தான் எங்கேயும் எழுதுவாள்.

ஒரு நாள் மதிலுக்கு மேலே கையை நீட்டிப் புத்தகத்தையும் கத்தரியையும் கொடுத்தாள்.

"இந்தாட்டி, இனி நீ சுத்து."

"எம் பேரு செண்பகம்லாக்கா. புக்குல உலகம்மான்னுலா இருக்கு."

"இருந்துட்டுப் போட்டும். பேரு என்ன சோப்பா, தேயுததுக்கு?"

இது நம் பக்கத்தில் அதிசயம் இல்லை. கல்யாணமாகிப் போன அக்காள் பெயரில் தங்கச்சி சுற்றுவாள், நாத்தனார் பெயரில் அண்ணன் பெண்டாட்டி சுற்றுவாள். பீடி ஒழுங்காக வந்தால் கடைக்குப் போதும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யார் யார், யார் பெயரில் சுற்றினீர்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். சொல்லவில்லை, உட்காருங்கள்.

பிறகு பீடி சுற்றுகிறவர்களுக்கென்று போட்டோ ஒட்டிய அட்டை வந்தது. அக்கா தன்னுடைய நல்ல சேலை ஒன்றை எனக்குக் கட்டிவிட்டுத் தென்காசியில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அட்டையில் என் முகம், அவள் பெயர், அவள் அப்பா பெயர், அவள் வயது. விரும்பி நாலு வயது கூட்டி வாங்கிக்கொண்ட பெண்பிள்ளை இந்தத் தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டில் இதனால் ஒரு குழப்பமும் வரவில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கும் இன்றைக்கும் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். அங்கே எனக்குப் பெயரே தேவைப்பட்டதில்லை.

வாக்காளர் பட்டியலில் நடந்தது மட்டும் முழுக்க என் தப்பு. ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஒருவர் வீடு வீடாகப் பெயர் எழுத வந்தார். உங்களிடம் என்ன அட்டை இருக்கிறது என்று கேட்டார். பீடி அட்டையைக் கொடுத்தேன். இது வேலைக்காக வைத்திருக்கிற பெயர், என் பெயர் செண்பகம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அட்டைக்கு ஆபத்து வருமோ என்று பேசாமல் நின்றேன். அவர் பார்த்ததை எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்படியாக ஒரே வாக்குச்சாவடியில், சுடலைமுத்து மகள் உலகம்மாள் இரண்டு பேர் ஆனோம். பின்னால் ஆதார் எடுத்தபோதும் அதே பெயர்தான்.

ஓட்டுப் போடும் நாள் எங்களுக்குத் திருநாள் மாதிரி. லாட்ஜில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் அக்கா அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள். தலைக்குக் குளித்து, சேலையைத் தேய்த்துக் கட்டி, ஏழு மணிக்கெல்லாம் என் வாசலில் வந்து நிற்பாள். பள்ளிக்கூட வரிசையில் நான் முன்னால், அவள் பின்னால். கட்சிக்காரர்கள் வம்பிழுப்பார்கள்.

"ரெண்டு உலகம்மாவுல எது ஒரிஜினல்?"

"முன்னால நிக்கது டூப்ளிகேட்டு. வாயப் பார்த்தாலே தெரியலையாக்கும்" என்பாள் அக்கா.

ஊருக்கே தெரிந்த விஷயம் அது. ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான் போட்டோம், அதனால் யாரும் குறை சொன்னதில்லை.

உள்ளே மேசையில் இருக்கும் அதிகாரி பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்க வாசிப்பார். கட்சி ஏஜென்டுகள் தங்கள் தாளில் குறித்துக்கொள்வதற்காக அப்படி. தன் பெயரை வாசிக்கும்போது அக்கா நெஞ்சை நிமிர்த்தி நிற்பாள். ஒரு தடவை வெளியே வந்ததும் கேலி செய்தேன்.

"என்னக்கா, கலெக்டர் கையால பரிசு வாங்கப் போறவ மாதிரிலா நிக்க."

அவள் விரலில் மை காய ஊதிக்கொண்டே சொன்னாள்: "லாட்ஜுல என்னைய எப்படிக் கூப்பிடுதாவ தெரியுமா? 'ஏம்மா'. 'ரூம் கூட்டுத அம்மா'. ஒரு சூப்பர்வைசர் 'ஏய் பக்கெட்டு'ன்னே கூப்பிட்டான். இங்கனதாம்ட்டி ஒரு ஆபீசரு எம் பேரையும் எங்கப்பா பேரையும் சேத்துச் சத்தமா வாசிக்காரு. அதுக்காவது குளிச்சிட்டு வரண்டாமா?"

அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் மட்டும் நான் அவளைக் கேலி செய்ததில்லை.

இந்தத் தடவை பட்டியலைத் திருத்துகிறார்கள் என்று அங்கன்வாடி டீச்சர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் எழுதிக் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து டீச்சர் இரண்டு நோட்டீசோடு வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. பேரு, அப்பா பேரு, வயசு எல்லாம் ஒண்ணா இருக்குல்லா. விசாரணைக்குத் தாலுகா ஆபீஸ் வரச் சொல்லிருக்காவ. அப்பா பேரு இருக்கிற பழைய ரெக்கார்டு எதுன்னாலும் எடுத்துட்டு வாங்க."

"யக்கா, இத்தன வருசங்கழிச்சு கம்ப்யூட்டரு நம்மளக் கண்டுபிடிச்சிட்டு" என்றேன்.

"ஊருல எல்லாத்துக்கும் தெரிஞ்சது. அதுக்கு மட்டும் இப்பதான் தெரியுதாக்கும்" என்றாள்.

பஸ்ஸில் போகும்போது என் மடியில் மஞ்சள் பை. பீடி அட்டை, வருடா வருடம் பிடித்த பி.எஃப். சீட்டு எல்லாம் அதில் இருந்தன. அடியில், அவள் மதிலுக்கு மேலே நீட்டிய அந்த முதல் புத்தகமும் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் உலகம்மாள் என்று பெரிய பெரிய எழுத்தாக அவளே போட்ட கையெழுத்து உண்டு. நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் போட்டது.

"அங்கன போயி என்னக்கா சொல்ல?"

"நடந்ததச் சொல்லு. நீதான் சொல்லணும். எனக்கு நாலு பேரு முன்னால வாய் வராது. நீ சொல்லு, நான் ஆமான்னு சொல்லுதேன்."

"அட்டையப் புடுங்கிட்டாவன்னா?"

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லுட்டி" என்றாள்.

விசாரித்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, நாற்காலி போடச் சொன்னவர் அவர். முன்னால் உட்கார்ந்ததால் என்னை முதலில் கேட்டார். பெயர் உலகம்மாள் என்றேன். அப்பா பெயர் சுடலைமுத்து என்றேன். அட்டையை எடுத்து வைத்தேன், சீட்டுகளை எடுத்து வைத்தேன். அடியில் கிடந்த புத்தகத்தை எடுக்கவில்லை. பிறகு அவர் அக்காவைக் கேட்டார். அவளும் அதையேதான் சொன்னாள், மெதுவாக.

"உங்ககிட்ட பழைய ரெக்கார்டு என்னம்மா இருக்கு?"

அக்கா ஆதாரை மட்டும் எடுத்து வைத்தாள். ரெண்டாப்போடு நின்றவளுக்குப் பள்ளிக்கூடத் தாள் எங்கே இருக்கும்? அவள் கண் ஒரே ஒரு தடவை என் மடியில் இருந்த பைக்கு வந்து திரும்பியது. நான் பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்து வீடுதான் சார்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "எம் பேரு நல்லாருக்குன்னு அவியளும் வச்சிக்கிட்டாவ போல."

ஆபீஸே சிரித்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பிறகு தன் ஆதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதிகாரி என் தாள்களை இன்னொரு தடவை புரட்டிவிட்டு, பழைய ரெக்கார்டு இருப்பவர் பெயர் இருக்கட்டும், மற்றது நீக்கம் என்று எழுதினார். அவர் முன்னால் இருந்த தாள்களை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான்.

பயத்தில் அப்படிப் பேசிவிட்டேன் என்றால் அது பாதி உண்மை. அட்டை போய்விடும், இத்தனை வருட உழைப்பும் கேள்விக்கு வந்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. மற்றப் பாதி என்ன என்றால், படித்தவர்கள் அத்தனை பேர் என் பேச்சுக்குச் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த அரை நிமிடம் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. சுடலைமுத்து மகளை, சுடலைமுத்து மகள் பெயரைத் திருடியவள் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதை அவள் காதால் கேட்டிருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டில் அவள்தான் டீ வாங்கிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் சிரிக்க வச்சட்டி."

"கோவமாக்கா?"

"டீ ஆறுது, குடி."

குடித்து முடித்த பிறகு சொன்னாள்: "அட்டை போயிட்டா நீ என்ன செய்வ? ஒனக்கு இன்னும் சுத்துத காலம் கெடக்கு. இருக்கட்டும்."

டீச்சர் விடவில்லை. புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம் இருக்கிறது, நான் எழுதித் தருகிறேன் என்று இரண்டு தடவை அவள் வீட்டுக்கு வந்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இலை வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது நன்றாகக் கேட்டது.

"அம்பத்தாறு வயசுல மொத மொத ஓட்டுப் போட வந்தவன்னு எழுதிக் குடுக்கவா டீச்சர்? அப்ப இத்தன வருசமா போட்டது யாரு?"

அந்த நிமிடம் மதிலுக்கு மேலே அந்தப் புத்தகத்தை நீட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். எழுந்தேன். எழுந்து வீட்டுக்குள்ளே போய்விட்டேன்.

ஓட்டுப் போடும் நாளன்று ஏழு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. அக்கா நின்றுகொண்டிருந்தாள், தலைக்குக் குளித்து, சேலையைத் தேய்த்துக் கட்டி.

"கெளம்பலையாட்டி? வெயில் ஏறுதுல்லா."

பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வந்தாள். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஓட்டில்லாதவர்கள் தாண்டக்கூடாது என்று ரோட்டில் வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் நின்றாள். கட்சிக்காரர்கள் யாரும் வம்பிழுக்கவில்லை. உள்ளே அதிகாரி வாசித்தார்: "உலகம்மாள், தந்தை பெயர் சுடலைமுத்து." தலையைக் குனிந்துகொண்டு போய் ஓட்டைப் போட்டேன்.

வெளியே வந்ததும் அக்கா என் விரலைப் பார்க்கவில்லை. யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை.

"சத்தமா வாசிச்சாவளாட்டி?"

"வாசிச்சாவக்கா."

"அப்பா பேரையும் சேத்தா?"

"சேத்துத்தான்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தாள். வழி நெடுக எனக்கு ஒரு கேலி வார்த்தைகூட வரவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அப்படி ஆனது அன்றைக்குத்தான். இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள்.

பத்தாம் நாள், நானும் மாரியும் தெருப் பெண்களும் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் பட்டியலும் பேனாவுமாக வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இறப்புச் சான்று வந்துட்டு. உலகம்மாள், தந்தை பெயர் சுடலைமுத்துன்னு இருக்கு. ஆனா பட்டியல்ல அந்தப் பேருல இருக்கது நீங்க மட்டும்தான். செத்தவங்க வேற ஆளுன்னு குறிச்சிருதேன். ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதிய."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் அப்படித்தான் இருந்தது. அவள் செத்த பிறகும் வேறே ஆளாகிறாள், நான் சுடலைமுத்து மகளாகவே இருந்துகொள்ளலாம். பேரு தேயாது என்று கொடுத்தவளின் பெயரை நான் எந்த அளவுக்குத் தேய்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறந்தவர் கணக்கில்கூட அவளுக்கு இடம் வைக்கவில்லை நான்.

"வேற ஆள் இல்ல டீச்சர்" என்றேன். "அது அவிய பேருதான். அந்தப் பேர எடுத்திருங்க."

"அப்ப ஒங்களுக்கு?"

"எனக்கும் ஒரு பேரு உண்டு. செண்பகம். புது ஆளுன்னு எழுதுங்க."

"பழைய ரெக்கார்டு கேப்பாவளே. பீடி அட்டை என்ன ஆவும்?"

"கேக்கட்டும். உள்ளதச் சொல்லுதேன்."

டீச்சர் பேனாவைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அடிக்கதுக்கு முன்னால ஒரு தடவ வாசிங்க டீச்சர். சத்தமா."

டீச்சருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் நடுவீட்டில் வந்து நின்று, வாக்குச்சாவடியில் வாசிக்கிற மாதிரியே வாசித்தார். "உலகம்மாள், தந்தை பெயர் சுடலைமுத்து." பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாரி எழுந்து நின்றாள். பிறகு டீச்சர் அந்த வரியின் மேல் கோடு போட்டார். முப்பது வருடம் வைத்துக்கொண்ட பெயரை அவளுக்கு நான் திருப்பிக் கொடுத்தது இப்படித்தான், அடித்துவிடுவதற்காக.

வருகிற திங்கட்கிழமை அட்டையைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். கணக்கப்பிள்ளை அண்ணாச்சி, நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்குப் போனில் பேசினது உங்கள் உலகம்மாள்தான். இனி அவள் வரமாட்டாள். இதனால் உங்களுக்கு வரும் சங்கடத்துக்கும், எனக்கு வரப்போகிற சங்கடத்துக்கும் நான்தான் காரணம்.

மாரியிடம் அந்த முதல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அவள் அம்மா கையெழுத்து அவளிடம்தான் இருக்க வேண்டும். கத்தரியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், அவளிடம் கேட்டுத்தான். இன்னொன்றையும் வைத்துக்கொள்கிறேன், அதை யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் என் சொந்தப் பெயர் பட்டியலில் இருந்தால், தலைக்குக் குளித்துவிட்டுப் போவேன். வாசித்து முடித்து வெளியே வரும்போது, வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்று ஒருத்தி கேட்பாள். சத்தமா வாசிச்சாவளாட்டி என்று.

இப்படிக்கு,
செண்பகம், தந்தை பெயர் மாடசாமி.